கண்ணிமைப் புண்ணும் சார்ள்ஸ் டொனவனும்



நோய்களுக்குப் பெயர் தந்த மனிதர்கள் பலர் உளர். அவர்களின் பெயர்கள் நம் பாடப்புத்தகங்களிலும் ஆய்வுகூட அறிக்கைகளிலும் நாள்தோறும் வந்து போகின்றன. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை நாம் நினைப்பதே இல்லை. டொனவன் என்ற பெயரும் அத்தகையதே. லீஷ்மேனியா டொனவானி என்று ஓர் ஒட்டுண்ணியின் பெயரை நம் உயர்தர உயிரியல் மாணவிகள் மனனம் செய்வார்கள். அந்த டொனவன் ஏதோ ஐரோப்பிய நகரமொன்றில் இருந்து கொண்டு அதைக் கண்டவர் அல்லர். தமிழ் மக்கள் நோயாளிகளாக வந்து படுத்துக் கிடந்த சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில், தமிழ் நாட்டு வெயிலில் வேர்த்துக்கொண்டு நின்று கண்டவர்.

நான் யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவின் சரவணை என்ற ஊரிற் பிறந்தவள். இந்தக் கல்லூரியில் உயிரியல் படிப்பிக்கிறேன். டொனவனைப் பற்றி நான் எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தியின் கண்ணிமையில் வந்த புண்ணுக்கு, பல மாதங்களுக்குப் பிறகு, ஆய்வுகூடத்தில் அவருடைய பெயரால் அழைக்கப்படும் கிருமிதான் காரணம் என்று எழுதித் தந்தார்கள். அந்தக் கதையை உரிய இடத்தில் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

சார்ள்ஸ் டொனவன் 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் அயர்லாந்துக்காரர், இந்தியாவில் ஆங்கில ஆட்சியின் கீழ் நீதிபதியாக இருந்தவர். பிள்ளைகள் பலர் இருந்த வீட்டில் இவர் மூத்தவர். சிறு வயதுக் கல்வியை இமயமலை அடிவாரத்து ஊர்களில் பெற்றார். வளர்ந்தபின் அயர்லாந்தின் கோர்க் நகரில் இருந்த பாட்டனாரிடம் அனுப்பப்பட்டார். மருத்துவக் கல்வியும் அயர்லாந்திலேயே முடிந்தது. பிறந்த மண்ணின் பழக்கம் விடவில்லைப் போலும், 1891இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து மீண்டும் இந்தியாவுக்கே வந்தார். அந்நாளில் இந்தச் சேவையிற் சேரும் வைத்தியர் முதலிற் படையோடு திரிய வேண்டும். டொனவனும் சில ஆண்டுகள் அவ்வாறு ஊர் ஊராகப் போய்விட்டு, 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் சென்னைக்கு வந்து நிலைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்றொழிலியற் பேராசிரியர் பதவியும், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியர் பதவியும் அவருக்குக் கிடைத்தன. 1835இல் தொடங்கிய அந்தக் கல்லூரி, சென்னை மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரி வார்டு ஒன்றை மனக்கண்ணாற் பாருங்கள். காய்ச்சல்காரர் வரிசையாகக் கிடக்கிறார்கள். சிலருக்கு மாதக் கணக்காகக் காய்ச்சல். உடம்பு எலும்பாகி, வயிறு மட்டும் பானையாக முன்தள்ளி நிற்கிறது. இடப் பக்கத்தில் கைவைத்தால் மண்ணீரல் கல்லுப் போலத் தட்டுப்படும். தோல் கறுக்கும். ஆகையால் வட இந்தியாவில் இதைக் காலா அசார் என்றார்கள். கறுப்பு நோய் என்பது அதன் பொருள். அசாம் மாகாணத்தில் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன நோய் இது. ஆனால் வைத்தியர்களிற் பெரும்பாலோர் இதைத் தனி நோயாக நினைக்கவில்லை. நாட்பட்ட மலேரியா என்றார்கள். மண்ணீரல் வீங்கினால் மலேரியா, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் மலேரியா. எல்லாருக்கும் குயினைன். குயினைனால் இவர்கள் சுகமாகவில்லை, இறந்தார்கள். அப்போதும் அறிக்கையில் மலேரியா என்றே எழுதப்பட்டது.

இப்படி நினைத்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று 1897இல் செக்கந்தராபாத்திற் காட்டி, 1902இல் நொபெல் பரிசு பெற்ற ரொனால்ட் ரொஸ், அசாமுக்குப் போய்க் காலா அசாரை ஆராய்ந்தவர். அவரும் அதை மலேரியாவின் விளைவு என்றே முடிவு கட்டினார். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் மறுபடி பார்ப்பதில்லை. நம் வீடுகளிலும் நடப்பது இதுதானே!

டொனவன் மறுபடி பார்த்தார். மலேரியாவால் இறந்தவர் என்று குறிப்பெழுதப்பட்டவர்களின் உடல்கள் பரிசோதனைக்கு வரும்போது, மண்ணீரலிலிருந்து சிறு துளியை எடுத்துக் கண்ணாடி வழுக்கியிற் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பார். மலேரியா என்றால் மலேரியாக் கிருமி தெரிய வேண்டும். 1903ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் பார்த்த வழுக்கிகளில் அது தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது. மிகச் சிறிய, முட்டை வடிவான உருக்கள். ஒவ்வொன்றினுள்ளும் சாயம் ஏறிய இரண்டு புள்ளிகள்: ஒன்று பெரியது, உருண்டையானது, மற்றது சிறியது, கோல் போன்றது. அவர் பார்த்த எந்த நூலிலும் அப்படியொரு படம் இல்லை. அவர் உடனே எதையும் அறிவித்துவிடவில்லை. வழுக்கிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இதே நேரத்தில், கடலுக்கு அப்பால் இன்னொருவரும் அதையே பார்த்திருந்தார். வில்லியம் லீஷ்மன் என்ற ஆங்கிலப் படை வைத்தியர், இங்கிலாந்தில் நெட்லி என்னும் இடத்தில் இருந்தவர். கல்கத்தாவுக்கு அருகே உள்ள டம்டம் படைமுகாமிலிருந்து காய்ச்சலோடு ஊர் திரும்பிய ஒரு சிப்பாய் 1900இல் இறந்தபோது, அவனுடைய மண்ணீரலில் இந்த உருக்களை லீஷ்மன் கண்டார். மூன்று ஆண்டுகள் யோசித்த பின், 1903 மே 30ஆம் திகதி பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே அதை வெளியிட்டார். இவை உறக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளின் சிதைந்த உடல்களாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

சஞ்சிகை கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. டொனவன் வாசித்தார். தாம் ஏப்பிரலிற் பார்த்தவை இவைதாம் என்று விளங்கியது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. இறந்த உடலிற் காண்பது இறப்பின் பின் உண்டான சிதைவாகவும் இருக்கலாம் அல்லவா? உயிரோடு இருக்கும் நோயாளியிடம் அதே உரு கிடைத்தால்தான் ஐயம் தீரும். விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு 12 வயதுப் பையன் ஒருவன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். 1903 ஜூன் 17ஆம் திகதி அவனுடைய மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த இரத்தத்தை டொனவன் சோதித்தார். அதே முட்டை உருக்கள், அதே இரண்டு புள்ளிகள். அவை சிதைந்த உடல்கள் அல்ல, உயிருள்ள ஒட்டுண்ணிகள். பலரும் நாட்பட்ட மலேரியா என்று எழுதி வந்த நோய் மலேரியாவே அல்ல. ஜூலை 11ஆம் திகதி அதே சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வந்தது.

அந்தப் பையனின் பெயரை வரலாறு வைத்திருக்கவில்லை. நோய்களைப் பற்றிப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவனுடைய நினைவு வருகிறது. அன்று அந்த நோய்க்கு மருந்து இல்லை. உலகத்துக்கு விடை தந்த பிள்ளைக்கு அந்த விடையால் உடனடியாக ஒரு பயனும் கிடைத்திராது.

பின்னர் பெயர்ப் பிரச்சினை எழுந்தது. டொனவன் தம் வழுக்கிகளைப் பாரிஸில் இருந்த லவரானுக்கும், லிவர்பூலில் இருந்த ரொஸுக்கும் அனுப்பி வைத்தார். லவரான் மலேரியாக் கிருமியை முதலிற் கண்ட மேதை. அவரும் அவருடைய சக ஆய்வாளரும் இதை மாடுகளைப் பீடிக்கும் ஒரு கிருமியின் இனம் எனக் கருதி, பிரோபிளாஸ்மா டொனவானி என்று பெயரிட்டார்கள். ரொஸ் அதை ஏற்கவில்லை. இது முன்பு அறியப்படாத புதிய இனம் என்றார். அத்தோடு, இருவரும் தனித்தனியே கண்டிருக்க ஒருவர் பெயரை மட்டும் வைப்பது நியாயம் அல்ல என்று, 1903 நவம்பர் 28இல் வெளிவந்த கட்டுரையில் லீஷ்மேனியா டொனவானி என இருவர் பெயரையும் இணைத்துச் சூட்டினார். இந்த நோயை மலேரியா என்று ஒருமுறை முடிவு கட்டிய அதே ரொஸ்தான், அது மலேரியா அல்ல என்று காட்டியவர்களுக்கு உரிய மரியாதையை வாங்கிக் கொடுத்தார். அறிவுடையோரின் பெருமை இதுவே என்று நான் என் மாணவிகளுக்குச் சொல்வதுண்டு.

கிருமி கிடைத்தாயிற்று, அது ஆளிலிருந்து ஆளுக்கு எப்படிப் போகிறது என்பது நெடுநாள் விளங்காமல் இருந்தது. மூட்டைப்பூச்சி மீது பலருக்குச் சந்தேகம். சென்னையிலேயே அதைக் குறித்துப் பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடந்தது. உண்மையான குற்றவாளி மணல் ஈ என்னும் பூச்சி. ஈ என்று சொன்னாலும் அது வீட்டு ஈயைப் போன்றது அல்ல, நுளம்பிலும் சிறியது. நீளம் 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான். சத்தம் இல்லாமல் வரும். அதிக தூரமோ உயரமோ பறக்காது. தத்தித் தத்திப் போகும். பொழுது படும் நேரத்திலிருந்து விடியும் வரை கடிக்கும். ஈரமான மண், மாட்டுத் தொழுவம், கறையான் புற்று, சுவர் வெடிப்பு ஆகியவை அதன் இருப்பிடங்கள். இந்த ஈயின் கடியால் நோய் மனிதருக்குத் தொற்றுகிறது என்பதை 1942இல் சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் என்ற மூவரும் ஐயமற நிறுவினார்கள். இதற்குள் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரமச்சாரி அந்திமனி என்ற உலோகத்திலிருந்து யூரியா ஸ்டிபமீன் என்னும் மருந்தைச் செய்து, இந்நோயால் இறக்க இருந்த ஏராளமானோரைக் காப்பாற்றியிருந்தார்.

இனித் தோலுக்கு வருவோம். இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தில் இனங்கள் பல உண்டு. சில இனங்கள் உள்ளுறுப்புகளைத் தாக்கும். சில தோலோடு நின்றுவிடும். தோலில் வரும் நோய் மேற்காசியாவில் நெடுங்காலமாகப் பழகிய ஒன்று. ஹலப் நகரத்தில் அதற்கு ஹலப் புண் என்று பெயர். பக்தாதிலே பக்தாத் புண். டில்லியில் டில்லிப் புண். ஏறத்தாழ ஓர் ஆண்டு இருந்து ஆறுவதால் ஓராண்டுப் புண் என்றும் சொன்னார்கள். நோவு பெரிதாக இராது. ஆறிய பின் வடு மட்டும் சாகும் வரை இருக்கும். ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை என்பதை அந்நாட்டுத் தாய்மார் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஆகவே பிள்ளைகளின் முகத்தில் வந்துவிடக் கூடாது என்று, இன்னொருவரின் புண்ணிலிருந்து எடுத்த நீரை உடையால் மறையும் இடத்தில் தாங்களே குத்தி வைப்பார்கள். அம்மைத் தடுப்பூசிக்கு முன்னோடியான அம்மைக் குத்தலைப் போன்ற ஒரு வழக்கம். பெண்பிள்ளையின் முகம் பற்றிய கவலை எவ்வளவு பழையது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

டொனவன் சென்னையிற் கண்ட அதே 1903ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜேம்ஸ் ரைட் என்ற வைத்தியர், ஆர்மேனியாவிலிருந்து வந்த ஒரு சிறுமியின் முகத்துப் புண்ணைச் சோதித்தார். அதிலும் முட்டை உருக்கள், இரண்டு புள்ளிகள். மண்ணீரலைக் கரைக்கும் நோயும், முகத்தில் வடுவைக் கீறும் நோயும் ஒரே குடும்பத்துக் கிருமிகளின் வேலை என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இலங்கையில் நெடுங்காலம் இந்த நோய் இங்கே தொற்றுவதில்லை என்றே எண்ணியிருந்தார்கள். வெளிநாடு போய் வந்தவர்களிடம் எப்போதாவது கண்டார்கள். 1992இல்தான் இலங்கையிலேயே தொற்றிய தோல் நோய், தெற்கே அம்பலாந்தோட்டையில் கண்டறியப்பட்டதாக மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 2003இல் அந்தக் கிருமியை நுட்பமாக ஆராய்ந்தபோது எல்லாரும் வியந்தார்கள். தோலில் மட்டும் புண் செய்யும் மேற்காசிய இனம் அல்ல அது. சென்னையில் டொனவன் கண்ட, உள்ளுறுப்புகளைத் தின்னும் லீஷ்மேனியா டொனவானியின் ஒரு வகையே. இந்தியாவில் மண்ணீரலுக்குப் போகும் இனம், நம் நாட்டில் பெரும்பாலும் தோலோடு அடங்கி நிற்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் நோயாளர் அதிகம். வன்னியிலும் உண்டு. 2008 முதல் இது சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று.

இப்போது என் குடும்பத்துக் கதை. சின்னம்மாவின் மகள் குடும்பம், தீவகத்து மக்கள் எல்லாரும் இடம்பெயர்ந்த காலத்தில், சரவணையை விட்டுப் போய் வவுனியாப் பக்கத்தில் ஒரு விவசாயக் கிராமத்தில் வேரூன்றியது. காடு வெட்டிய நிலம், வயல், மாடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய புற்று. அவர்களின் மகள் எனக்குப் பெறாமகள். சாதாரண தரம் எழுத இருந்த ஆண்டில், விடுமுறைக்குச் சரவணையில் அம்மம்மா வீட்டுக்கு வந்தாள். இடக் கண்ணின் கீழ் இமையில், வெளி ஓரத்தில், ஒரு சிறு பரு. சிவந்திருந்தது. தொட்டால் நோகாது, சொறியாது.

அம்மம்மா அதைக் கண்கட்டி என்றார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நாமக்கட்டி உரைத்துப் பூசினார். துணியைச் சூடு காட்டி ஒத்தினார். இரண்டு கிழமையில் உடைந்து போக வேண்டிய கண்கட்டி இரண்டு மாதமாகியும் போகவில்லை. மெல்லப் பெருத்து ஒரு பயறளவாகி, நடுவில் பொருக்குக் கட்டியது. ஒரு வைத்தியர் இமைக் கொழுப்புச் சுரப்பி அடைபட்டதாக நினைத்துக் களிம்பு தந்தார். பிறகு கிருமிக்கொல்லி மாத்திரை. ஒன்றும் ஆகவில்லை. நோவு இல்லாத ஒன்றுக்காகப் படிப்பைக் கெடுத்துக்கொண்டு அலைவானேன் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பிள்ளை மட்டும் விடவில்லை. வகுப்பிற் பின் வாங்கிலில் இருக்கத் தொடங்கினாள். புகைப்படம் எடுக்க வந்தால் இடப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மம்மாவோ இமையில் வடு விழுந்தால் நாளைக்கு இவளை யார் கேட்டு வருவார்கள் என்று கவலைப்பட ஆரம்பித்தார். அயலில் ஒருத்தி புற்றுநோயாக இருக்கும் என்று வேறு சொல்லிவைத்தாள். அந்தச் சொல் வீட்டுக்குள் புகுந்த பிறகு யாருக்கும் நித்திரை இல்லை.

பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் காட்டினோம். கூடப் போனவள் நான். அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் இமையைப் பார்க்க முன்னர் ஒரு கேள்வி கேட்டார்: பிள்ளை வளர்ந்த இடம் எது? சரவணை என்று அம்மம்மா முந்திக்கொண்டு சொன்னார். சரவணை விடுமுறைக்கு வந்த ஊர்தான், இருப்பது வவுனியாப் பக்கம் என்று நான் சொன்னேன். வயல், காடு, மாடு, புற்று எல்லாவற்றையும் விசாரித்தார். வீட்டில் வேறு யாருக்கும் ஆறாத பரு உண்டா என்று கேட்டார். தகப்பனின் முழங்கையில் ஒன்று இருந்தது பிள்ளைக்குத்தான் நினைவு வந்தது. வைத்தியர் உடனே எங்களைத் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே நடந்ததை உயிரியல் மாணவிகள் கவனித்து வாசியுங்கள். பருவின் ஓரத்தை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்து இரத்தம் விலகச் செய்தார்கள். விறைக்கச் செய்து, நுனிக்கத்தியால் மிகச் சிறிதாகக் கீறினார்கள். கீறிய வாயிலிருந்து சுரண்டி எடுத்ததை வழுக்கியிற் பூசினார்கள். உலர விட்டு, மெதனோலில் நிலைப்படுத்தி, கீம்சா என்னும் சாயம் ஏற்றினார்கள். எண்ணெய் இட்டுப் பார்க்கும் வில்லையால் 1000 மடங்கு பெருப்பித்துத் தேடினார்கள். நடுப் பொருக்கில் எடுப்பதிலும் புண்ணின் உயிருள்ள ஓரத்தில் எடுப்பதே பலன் தரும். இமைத்தோல் மெல்லியது, அடியிற் கண் இருக்கிறது, ஆகவே அங்கே எடுப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். இமை ஓயாமல் அசைவதால் ஈ அங்கே கடிப்பது அரிது, நோயும் அங்கே அரிது என்று விளங்கப்படுத்தினார்கள். அரிதாக வருவதால்தான் அது கண்கட்டியாகவும், அடைபட்ட சுரப்பியாகவும், சில வேளை தோற்புற்றாகவும் தோன்றி ஏமாற்றுகிறது.

முதல் வழுக்கியில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டார் மகிழ்ந்தார்கள். வைத்தியர் மகிழவில்லை. ஒரு வழுக்கியிற் கிருமி இல்லையென்றால் அந்தத் துளியில் இல்லை என்பதே பொருள். நோய் இல்லை என்பது பொருள் அல்ல என்றார். அடுத்த கிழமை மறுபடி எடுத்தார்கள். இம்முறை தெரிந்தது. நான் ஆசிரியை என்று அறிந்து ஆய்வுகூடத்தில் எனக்கும் பார்க்கத் தந்தார்கள். ஒரு மில்லிமீற்றரை 500 ஆகப் பிரித்தால் எவ்வளவோ, அவ்வளவு சிறிய முட்டை உருக்கள், ஓர் உயிரணுவினுள் கூட்டமாக. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய புள்ளி, ஒரு சிறு கோல். சென்னையில் ஏப்பிரல் வெயிலில் டொனவன் பார்த்த அதே உரு. நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் ஒரு மாற்றமும் இல்லை.

புற்றுநோய் இல்லை என்று கேட்டதும் அம்மம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். மருந்து அந்திமனி வகைதான். பிரமச்சாரி காட்டிய பாதையில் வந்தது. வேறிடத்துப் புண் என்றால் பெரும்பாலும் புண்ணிலேயே ஊசி போடுவார்கள். திரவ நைதரசனால் உறையவைக்கும் முறையும் உண்டு. கண்ணோரமானதால் நிபுணர்கள் கூடிப் பேசி, தசையில் ஊசியாகக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். இருதயத்தையும் இரத்தத்தையும் இடையிடையே சோதித்தார்கள். புண் ஆற மாதங்கள் சென்றன. தகப்பனின் முழங்கைக்கும் வைத்தியம் நடந்தது. இன்று அவளுடைய இமையோரத்தில் ஓர் அரிசியளவு பள்ளம் உண்டு. சொன்னால்தான் தெரியும். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிறாள். வகுப்பில் முன் வாங்கிலில் இருப்பதாகத் தொலைபேசியில் எனக்குச் சொன்னாள்.

டொனவனின் மிகுதி வாழ்க்கையையும் சொல்லி முடிக்க வேண்டும். 1905இல் வேறொரு தோற்புண் நோய்க்குக் காரணமான கிருமியையும் அவரே சென்னையிற் கண்டார். அதுவும் டொனவன் உடலம் என்றே மருத்துவ நூல்களில் வழங்குகிறது. இராயப்பேட்டையிற் புதிய அரசினர் வைத்தியசாலை எழுந்தபோது அதன் முதல் கண்காணிப்பாளர் அவர்தாம். அந்த வைத்தியசாலை இன்றும் ஏழைகளுக்கு வைத்தியம் செய்துகொண்டிருக்கிறது. 1919இல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போய், ஒரு சிற்றூரில் அமைதியாக வாழ்ந்தார். அங்கே அவருக்கு வண்ணத்துப்பூச்சிகள் துணை. நுணுக்குக்காட்டியில் புள்ளிகளை எண்ணிய கண், இப்போது சிறகுகளில் புள்ளிகளை எண்ணியது. அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றி 1936இல் ஒரு விரிவான பட்டியல் நூலை வெளியிட்டார். 1951 ஒக்டோபர் 29ஆம் திகதி, 88ஆவது வயதில் காலமானார். ரொஸுக்குக் கிடைத்த நொபெல் பரிசு போன்ற பெரிய பரிசு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பெயர் மட்டும் வைத்தியசாலைகள் தோறும் எழுதப்பட்டு வருகிறது.

பெற்றோர்களே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. நோவில்லாத, சொறியாத ஒரு பரு, முகத்திலோ கையிலோ காலிலோ நாலு கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தால், அதைக் கண்கட்டி என்றோ சூட்டுக் கட்டி என்றோ பெயர் வைத்துவிட்டு இருக்காதீர்கள். தோல் நோய் வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளை எங்கே வசித்தாள், எங்கே போய் வந்தாள் என்பதை மறவாமற் சொல்லுங்கள். பொழுது பட்ட பின் உடல் மறைத்து உடுப்பது, நெருங்கிய கண் உள்ள நுளம்பு வலைக்குள் படுப்பது, வீட்டைச் சுற்றிக் குப்பையும் சாணமும் தேங்காமற் பார்ப்பது ஆகியவை ஈயைத் தூர வைக்கும். இந்த நோய் தொட்டால் ஒட்டாது. ஆகவே புண் வந்த பிள்ளையை ஒதுக்கவும் வேண்டாம்.

மாணவிகளே, உங்களிற் சிலர் வைத்தியராவீர்கள், சிலர் ஆய்வுகூடத்தில் இருப்பீர்கள், பலர் தாய்மாராவீர்கள். ஒரு நோய்க்கு மற்றவர்கள் வைத்த பெயர் எவ்வளவு பழகியதாக இருந்தாலும், மருந்து கேட்கவில்லை என்றால், அந்தப் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முதல் வழுக்கியில் இல்லை என்றால் இரண்டாவதை எடுங்கள்.